இரண்டாம் வகுப்பில் தேறிய பைத்தியம்

1

மனச்சிதைவு நோயோடு பல்கலைக்கழகத்தில் படித்தவர்களைப் பற்றி இன்று உலகச் சந்தையில் ஓடிக்கொண்டிருப்பது ஒரே ஒரு கதைதான். ஆள் மாறும், ஊர் மாறும், கதை மாறாது. அபாரமான மூளை; திடீரென்று நோய்; மருத்துவமனை; அன்பான ஒருவர் கைகொடுக்கிறார்; கடைசியில் பரிசு, கைதட்டல். இந்த வாய்பாட்டிலிருந்து 'பரிசு' என்கிற கடைசி வரியை நீக்கிவிட்டால் கதை கதையாக நிற்காது, வெறும் கேஸ் ஷீட் ஆகிவிடும். பதிப்பகத்தார் வாங்க மாட்டார்கள், சினிமாக்காரர்கள் தொட மாட்டார்கள், நம்ம சிற்றிதழ்க்காரர்களும் மொழிபெயர்க்க மாட்டார்கள்.

பரிசு வாங்காதவனின் கதை எங்கே போயிற்று என்பதுதான் என் கேள்வி. மனச்சிதைவோடு எம்.ஏ.வோ எம்.எஸ்ஸி.யோ படித்து, நாலைந்து அரியர் வைத்து, ஒவ்வொன்றாக எழுதித் தீர்த்து, 54 விழுக்காட்டில் வெளியே வந்தவனுக்கு ஏன் இலக்கியத்தில் இடமில்லை? அவனுக்குக் கல்லூரியிலும் ஏன் இடமில்லை? இரண்டும் ஒரே கேள்வி என்பது என் வாதம்.

எங்கிருந்து பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1990களின் தொடக்கத்தில் எம்.எஸ்ஸி. கணிதம் படித்தேன். இரண்டு வருடப் படிப்பு, எனக்கு ஐந்து வருடம் பிடித்தது. முதல் வருடம் முடிகிற சமயத்தில் குரல்கள் வந்தன. கடைசியில் இரண்டாம் வகுப்பு. அதற்குப் பிறகு கணிதத்தில் நான் எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. டுடோரியலில் பாடம் எடுத்தேன், அச்சகத்துக்கு புரூஃப் பார்த்தேன், இன்றும் ராத்திரி மாத்திரை போடுகிறேன். சுருக்கமாகச் சொன்னால், மேலே சொன்ன வாய்பாட்டுக்குள் அடங்காத ஆள்.

2

இந்த வகைப் பிரதிகளில் மிக முக்கியமானது எலின் சாக்ஸ் எழுதிய 'தி சென்டர் கேனாட் ஹோல்ட்' (2007). தலைப்பு யேட்ஸின் ஒரு கவிதையிலிருந்து வந்தது. சாக்ஸ் அமெரிக்கர். 1977இல் மார்ஷல் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டு போய் அரிஸ்டாட்டிலைப் படித்தார். அங்கேயே நோய் முற்றி மருத்துவமனையில் சேர்ந்தார். இரண்டு வருடத்தில் முடிய வேண்டிய படிப்பு நான்கு வருடம் ஆனது. பிறகு யேல் சட்டப் பள்ளி. சேர்ந்த கொஞ்ச நாளிலேயே ஓர் இரவு சக மாணவர்களோடு நூலகத்தில் ஒரு பயிற்சிக் கட்டுரை எழுத உட்கார்ந்தவர், கூரைமேல் ஏறிப் பிதற்ற ஆரம்பித்தார். அதன் தொடர்ச்சியாக அவசரப் பிரிவு. கை, கால், மார்பு எல்லாவற்றையும் கட்டிலோடு சேர்த்துக் கட்டினார்கள். சில சமயம் 20 மணி நேரம் வரை கட்டப்பட்டிருந்ததாகச் சாக்ஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். தான் யாரையும் அடித்ததில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறார். மாதக்கணக்கில் மருத்துவமனையில் இருந்துவிட்டு, அடுத்த கல்வியாண்டில் யேலுக்கே திரும்பி, 1986இல் பட்டம் வாங்கினார். இன்று அவர் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சட்டப் பேராசிரியர்களில் ஒருவர். 2009இல் மெக்ஆர்தர் விருது. அமெரிக்கப் பத்திரிகைகள் செல்லமாக 'ஜீனியஸ் கிராண்ட்' என்று அழைப்பது.

வாசகர்கள் இந்த நூலில் எதை நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்? கூரையை, கட்டிலை, விருதை. என்னைப் பொறுத்தவரை நூலின் மையம் வேறிடத்தில் இருக்கிறது. யேலில் மாணவியாக இருக்கும்போதே சாக்ஸ் 'யேல் லா ஜர்னல்' இதழில் ஓர் ஆய்வுக் குறிப்பு எழுதினார். பொருள்: மனநல மருத்துவமனைகளில் நோயாளிகளைக் கட்டிவைத்தல். 1986இல் வெளிவந்தது. கட்டப்பட்ட உடம்பு கட்டுவதைப் பற்றி எழுதியது. ஆனால் பிரதிக்குள் 'நான்' கிடையாது. 'நோயாளிகள்', 'அவர்கள்' என்ற படர்க்கைதான். அதை எழுதுவதற்கு முன் ஒரு மூத்த சட்டப் பேராசிரியரிடம் பேசியிருக்கிறார். அவர் மனநல மருத்துவரும்கூட. இப்படிக் கட்டுவது எவ்வளவு இழிவாகவும் பயமாகவும் இருக்கும் என்று இவர் சொன்னதற்கு அவர் சொன்ன பதிலின் சாரம் இது: உனக்குப் புரியவில்லை, அவர்களெல்லாம் மனநோயாளிகள், உன்னையும் என்னையும் போன்றவர்களல்ல, நாம் உணர்வதுபோல அவர்கள் உணர மாட்டார்கள்.

எதிரே உட்கார்ந்திருப்பவர் 'அவர்களில்' ஒருவர் என்பது பேராசிரியருக்குத் தெரியாது. சொல்ல அந்த நேரத்தில் தனக்குத் துணிச்சல் வரவில்லை என்கிறார் சாக்ஸ். ஏன் வர வேண்டும்? சொல்லியிருந்தால் அந்தக் குறிப்பு சட்ட ஆய்வாக மதிக்கப்பட்டிருக்குமா, அல்லது நோயின் அறிகுறியாக வாசிக்கப்பட்டிருக்குமா? பகுத்தறிவு பைத்தியத்தைப் பற்றித் தனக்குத்தானே பேசிக்கொள்கிற ஒருவழிப் பேச்சாகவே மனநோயியலின் மொழி உருவாயிற்று என்று பூக்கோ 1961இல் வாதிட்டார். அதற்கு இதைவிடத் துல்லியமான காட்சி கிடைக்காது. ஆனால் பூக்கோ பார்க்காத ஒன்றும் இங்கே நடக்கிறது. பைத்தியம் வெளியே நிற்கவில்லை. உள்ளே வந்து, படர்க்கையின் போர்வையைப் போர்த்திக்கொண்டு, பகுத்தறிவின் மொழியிலேயே தேர்வு எழுதி, தேறிவிட்டது.

எனக்கு அந்தப் போர்வை நன்றாகத் தெரியும். நம்மூரில் அதன் பெயர் மஞ்சள் காமாலை. என் வருகைப் பதிவுக் குறைவுக்காகக் கொடுத்த மருத்துவச் சான்றிதழ்களை வைத்துப் பார்த்தால் எனக்கு மூன்று முறை மஞ்சள் காமாலையும் ஒருமுறை டைஃபாய்டும் வந்திருக்கின்றன. "உண்மைய எழுதினா தம்பிக்குத்தான் கஷ்டம்" என்று டாக்டரே சொன்னார். நல்ல மனிதர். அவர் சொன்னது சரிதான் என்பதுதான் பிரச்சினை.

3

சாக்ஸ் 1980களில் யேலுக்குத் திரும்ப முடிந்தது. அதே யேலில் ஏறக்குறைய இருபது வருடம் கழித்து இளங்கலை படித்த எஸ்மே வெய்ஜுன் வாங்குக்கு அது நடக்கவில்லை. இரண்டு முறை மருத்துவமனையில் சேர்ந்த பிறகு பல்கலைக்கழகத்தை விட்டுப் போகச் சொன்னார்கள். திரும்பி வர முடியவில்லை. ஸ்டான்ஃபோர்டில் சேர்ந்து பட்டம் வாங்கினார். அப்போது அவருக்குச் சொல்லப்பட்ட நோயின் பெயர் இருமுனைக் கோளாறு. ஸ்கிசோஅஃபெக்டிவ் என்று முடிவானது பல வருடங்களுக்குப் பிறகு. 2019இல் வந்த 'தி கலெக்டட் ஸ்கிசோஃப்ரீனியாஸ்' என்ற கட்டுரைத் தொகுப்பில் யேல் உங்களைக் காப்பாற்றாது என்ற பொருளில் தலைப்பிட்ட ஒரு கட்டுரை இருக்கிறது.

வாங்கின் நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. தான் நோயாளி என்று தெரிய வருகிற இடங்களில் யேலின் பெயரைத் தான் எப்படிக் கேடயமாகப் பிடிக்கிறார் என்பதை அவரே எழுதுகிறார். நல்ல துணி, நல்ல ஆங்கிலம், பெரிய பல்கலைக்கழகத்தின் பெயர், இவையெல்லாம் சேர்ந்து 'நான் அந்த மாதிரிப் பைத்தியமில்லை' என்று சொல்கின்றன. எந்த மாதிரி? பஸ் ஸ்டாண்டில் அழுக்குத் துணியோடு தனக்குத்தானே பேசிக்கொண்டு போகிற மாதிரி. ஆக, பட்டம் என்பது இங்கே அறிவுக்கான சான்று மட்டுமல்ல. ஒரு பைத்தியத்தை இன்னொரு பைத்தியத்திடமிருந்து பிரிக்கிற வேலி. சாக்ஸின் நூலில் ஆழத்தில் கிடக்கிற இந்த வர்க்கப் பிரச்சினையை வாங் மேலே கொண்டுவருகிறார்.

தனிப்பட்ட பல்கலைக்கழகத்தின் கெட்ட குணமாக இதைப் பார்த்தால் ஏமாந்து போவோம். 2022 நவம்பரில் யேல் மாணவர்கள் சிலரும் முன்னாள் மாணவர்களின் குழு ஒன்றும் வழக்குப் போட்டார்கள். மனநலப் பிரச்சினை உள்ள மாணவர்களை வெளியேற நெருக்குகிறார்கள், திரும்பி வருவதைக் கடினமாக்குகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. 2023 ஆகஸ்டில் சமரசம் ஆனது. 'விலகல்' என்ற முறை 'விடுப்பு' ஆயிற்று, திரும்பி வரும் நடைமுறை எளிதாக்கப்பட்டது, மருத்துவக் காரணம் இருந்தால் பாடங்களைக் குறைத்துக்கொண்டு படிக்கலாம் என்றானது. கவனியுங்கள், எந்தப் புது மருந்தும் கண்டுபிடிக்கப்படவில்லை. மாறியது விதிமுறை. அப்படியானால் அதற்கு முன் வெளியேறியவர்கள் நோயினால் மட்டும் வெளியேறவில்லை.

4

மனச்சிதைவு பெரும்பாலும் பதின்வயதின் முடிவிலிருந்து இருபதுகளின் நடுப்பகுதிக்குள் தலைகாட்டுகிறது. பெண்களுக்குச் சற்றுத் தாமதமாக. அதாவது சரியாகக் கல்லூரி வயது. நோய்க்கும் பல்கலைக்கழகத்துக்குமான மோதல் தற்செயலானதல்ல, இருவரும் ஒரே ஆளை ஒரே வயதில் கேட்கிறார்கள்.

குரல்களும் பிரமைகளும் வெளியே தெரிகிற பகுதி. மருந்து பலருக்கு அவற்றைத் தணிக்கிறது. வெளியே தெரியாத பகுதி ஒன்று உண்டு: கவனம் நிற்காது, இப்போது வாசித்த வரி அடுத்த வரிக்குள் கரைந்துவிடும், நினைவில் நாலு விஷயத்தைச் சேர்த்துப் பிடிக்க முடியாது, எதையும் தொடங்கவே மனம் வராது. இவற்றுக்கு இப்போதுள்ள மருந்துகள் பெரிதாக உதவுவதில்லை. மருந்தின் சுமை தனி. நான் படித்த காலத்தில் ஹாலோபெரிடால். அதனால் வருகிற விறைப்புக்கும் நடுக்கத்துக்கும் இன்னொரு மாத்திரை. அந்த மாத்திரையால் வாய் வறண்டு, கண் மங்கி, கரும்பலகை தெரியாது. காலை எட்டரை மணி வகுப்பில் நான் உடம்பளவில் இருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். இதைச் சோம்பேறித்தனம் என்று வாசிக்காத ஆசிரியர் மிகக் குறைவு.

இதெல்லாம் சேர்ந்து உண்டாக்குவது அறிவின்மை அல்ல. காலம் சீராக ஓடாத நிலை. மூன்று வாரம் தெளிவாக இருக்கும், ஒரு மாதம் இருட்டாகப் போகும், திரும்ப வெளிச்சம் வரும். பல்கலைக்கழகமோ சீராக ஓடுகிற காலத்தின் மீது கட்டப்பட்ட நிறுவனம். செமஸ்டர், இன்டர்னல் மார்க், 75 விழுக்காடு வருகை. கொஞ்சம் குறைந்தால் மருத்துவச் சான்றும் கட்டணமும் கொடுத்து 'கண்டோனேஷன்', அதற்கும் கீழே போனால் தேர்வு எழுத முடியாது. முடித்து வெளியே வந்தால் வேலை தருகிறவன் கேட்பது 'ஸ்டேண்டிங் அரியர் உண்டா? இடையிலே கேப் எதுக்கு?' பாடம் தெரியுமா என்ற கேள்வி ஓரிடத்தில் கேட்கப்படுகிறது, இடைவெளி இல்லாமல் இருந்தாயா என்ற கேள்வி ஒன்பது இடத்தில் கேட்கப்படுகிறது. 'தொடர்ச்சியான தன்னிலை' என்று கோட்பாட்டு மொழியில் சொல்கிறோமே, அதன் அன்றாடப் பெயர் அட்டென்டன்ஸ்.

சரி, காலத்தைத் தளர்த்தினால் போதுமா, சிந்தனையே கலங்கியவன் கணிதம் எப்படிப் படிப்பான் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பைத்தியம் என்றால் தர்க்கம் இல்லாத நிலை என்பது பொதுப்புத்தி. என் அனுபவம் தலைகீழ். தர்க்கம் தேவைக்கு மேல் இருந்தது. எதிர்வீட்டு மாடியில் சிவப்புத் துணி காய்கிறது, எனவே அது சைகை. நேற்று நீலம் காய்ந்தது, எனவே சைகை மாறியிருக்கிறது. எனவே எனக்குச் செய்தி. ஒவ்வொரு படியிலும் ஒரு 'எனவே'. நிரூபணமும் 'எனவே'க்களின் சங்கிலிதான். இரண்டுக்கும் என்ன வேறுபாடு? நிரூபணத்தை இன்னொருவர் உட்கார்ந்து வரிவரியாகச் சரிபார்க்கலாம். சைகையை நான் மட்டும்தான் படிக்க முடியும்.

விடுதியில் என் அறை நண்பன் ஒருவன் இருந்தான். வேதியியல் படித்தவன், கணிதம் அவ்வளவாகத் தெரியாது. நான் எழுதிய தாளை வாங்கி விரலை வைத்து, "இந்த 'எனவே' எங்கேருந்துடா வந்துச்சு?" என்று கேட்பான். பதில் சொல்ல முடிந்தால் அது கணிதம். முடியாவிட்டால் அடித்துவிடுவோம். பிறகு துணி, சைகை, குரல் எல்லாவற்றுக்கும் அதே கேள்வியை அவன் கேட்க ஆரம்பித்தான், கிண்டலில்லாமல். என்னை எம்.எஸ்ஸி. முடிக்கவைத்ததில் மாத்திரைக்குப் பாதிப் பங்கு என்றால் இந்தக் கேள்விக்குப் பாதிப் பங்கு. சாக்ஸ் 2013இல் நியூயார்க் டைம்ஸில் எழுதிய கட்டுரையை வாசித்தபோது இதனால்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். லாஸ் ஏஞ்சலிஸில் மனச்சிதைவோடு படித்தும் வேலை பார்த்தும் வருகிற 20 பேரை அவரும் சக ஆய்வாளர்களும் சந்தித்திருக்கிறார்கள். தன் பிரமைகளிடம் 'இதற்கு என்ன சான்று' என்று கேட்டுப் பழகிய ஒருவரும் அதில் இருக்கிறார்.

அந்தக் கட்டுரைக்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. தன்னை அதிசயமாக்குகிற கதையாடலைச் சாக்ஸே அதில் உடைக்கிறார். தன்னைத் தாங்கியவை எவை என்று கேட்டால் அவர் திரும்பத்திரும்பச் சொல்வது மூன்று: சிகிச்சை, குடும்பமும் நண்பர்களும், ஏற்றுக்கொண்ட பணியிடம். இதில் மேதைமை என்ற சொல்லே இல்லை. சேர்த்துவிட்டது சந்தை.

5

மேதைமை எப்படிச் சேர்க்கப்படுகிறது என்பதற்கு ஜான் நாஷ் உதாரணம். 1948இல் பிரின்ஸ்டனில் சேர்ந்து 1950இல் முனைவர் பட்டம் வாங்கிவிட்டார். நோய் வெளிப்பட்டது 1959இல். ஆக, நோயோடு பட்டம் படித்தவர் பட்டியலில் அவர் வரவே மாட்டார். ஆனாலும் இந்தப் பேச்சு எழுகிற இடமெல்லாம் அவர் பெயர்தான். காரணம் 2001இல் வந்த 'எ பியூட்டிஃபுல் மைண்ட்'. நோபல் பரிசு பெறும் காலத்தில் புதிய மருந்துகள் எடுத்துக்கொள்வதாக அந்தப் படத்தின் நாஷ் சொல்கிறார். உண்மையான நாஷ் 1970க்குப் பிறகு மருந்து எடுக்கவில்லை. மருந்தை நிறுத்தச் சொல்லி நான் இதை எழுதவில்லை. நான் நிறுத்திப் பார்த்து, அதன் விலையையும் கொடுத்தவன். ஒரு மனிதனின் வாழ்க்கையைப் பாடமாக்குவதற்காக அவன் செய்யாததைச் செய்ததாகக் காட்டுகிற வேலையைப் பற்றித்தான் பேச்சு.

படம் பெரிதுபடுத்தாமல் விட்ட ஒன்று எனக்கு முக்கியம். நோய் கடுமையாக இருந்த வருடங்களில் நாஷ் பிரின்ஸ்டன் வளாகத்துக்குள் அலைந்துகொண்டிருந்தார். கரும்பலகையில் விசித்திரமான கணக்குகளையும் செய்திகளையும் எழுதிவைப்பார். மாணவர்கள் அவருக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள், ஆனால் யாரும் விரட்டவில்லை. நூலகம் இருந்தது, கரும்பலகை இருந்தது, பேசக் கணிதம் தெரிந்த ஆட்கள் இருந்தார்கள். ஒருநாளும் அட்டென்டன்ஸ் எடுக்கவில்லை. நோபல் 1994இல் வந்தது. அது வராமல் போயிருந்தாலும் அந்த இருபது வருட இருக்கை அவருக்கு நியாயமாகவே இருந்திருக்கும். ஆனால் அந்த அனுமதிகூட பழைய மேதைக்குக் கொடுத்த மரியாதைதான். நம்மூர்க் கல்லூரி ஒன்றில் அரியர் வைத்த மாணவன் கரும்பலகையில் அப்படி எழுதினால் வாட்ச்மேன்தான் வருவார்.

6

இந்த இடத்தில் நம்முடைய கோட்பாட்டு வாசிப்பையும் தொட வேண்டும். டெல்யூஸும் கத்தாரியும் சேர்ந்து எழுதிய 'ஆன்டி ஈடிபஸ்' 1972இல் வந்தது. தொண்ணூறுகளில் அதன் நிழல் தமிழுக்கு வந்தபோது 'ஸ்கிசோ' என்ற சொல் ஒரு விடுதலைச் சொல்லாக இங்கே உலவியது. மையம் சிதறுவது, தன்னிலை உடைவது, ஒழுங்கிலிருந்து தப்பிப்பது எல்லாமே கொண்டாட்டம். கத்தாரி மனநல நிலையமொன்றில் நோயாளிகளோடு வருடக்கணக்கில் வேலை செய்தவர். ஸ்கிசோ என்ற இயக்கம் வேறு, மருத்துவமனைக்குள் முடங்கிப்போன நோயாளி வேறு என்று அவர்கள் பிரித்துத்தான் எழுதினார்கள். இங்கே வந்து சேர்ந்தபோது அந்தப் பிரிவு வழியிலேயே உதிர்ந்துவிட்டது. நோயாளி காணாமல் போனார், உவமை மட்டும் மிஞ்சியது.

மையம் சிதறுவதைப் பற்றிக் கட்டுரை படிப்பவருக்கும், காலையில் பல் விளக்க வேண்டும் என்ற எண்ணத்தைப் பிடித்துவைக்க முடியாதவருக்கும் இடையே தூரம் உண்டு. எனக்கு மையம் வேண்டியிருந்தது. ஓரளவு வலுவான, நாளைக்கும் இருக்கிற மாதிரி ஒரு மையம். அதைக் கேட்பது பிற்போக்கு என்று யாராவது சொன்னால், அவருக்கு இரவு மூன்று மணிக் குரல் தெரியாது என்று அர்த்தம். அந்தக் காலத்தில் கோபி கிருஷ்ணன் ஒருவர் இதை வேறு மாதிரி செய்தார். உளவியல் படித்தவர். 'உள்ளேயிருந்து சில குரல்கள்' நூலில் நோயாளிகளை உவமையாக்காமல் பேசவிட்டார். கோட்பாட்டாளர்கள் கொண்டாடியதைவிடக் குறைவாகவே அவரைப் படித்தார்கள்.

சொல்லும் ஒரு பிரச்சினைதான். 1908இல் ப்ளாய்லர் ஸ்கிசோஃப்ரீனியா என்ற பெயரை வைத்தபோது மனத்தின் செயல்களுக்கிடையே இணைப்பு அறுவதைக் குறித்தார். தமிழில் அது 'சிதைவு' ஆகிவிட்டது. சிதைந்த கோட்டை, சிதைந்த கோயில் என்போம். சிதைந்தது திரும்பக் கட்டப்படுவதில்லை, சுற்றிக் கம்பி வேலிதான் போடுவார்கள். ஜப்பானில் 2002இல் 'மனப்பிளவு நோய்' என்று பொருள்பட்ட பழைய பெயரை அதிகாரபூர்வமாகவே மாற்றி, ஒருங்கிணைவில் ஏற்பட்ட கோளாறு என்ற பொருளில் புதுப்பெயர் வைத்தார்கள். 2011இல் தென்கொரியாவும் பெயரை மாற்றியது. நாமும் யோசிக்கலாம். அதுவரைக்கும் எனக்குப் 'பைத்தியம்' என்ற சொல்லில் கூச்சமில்லை. தெருவில் என்மேல் எறியப்பட்ட கல்லை எடுத்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.

7

இனி சட்டம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, மனநோயையும் உடலூனங்களோடு சேர்த்து 21 வகைகளில் ஒன்றாக வைத்தது. அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிலையங்களில் குறைந்தது 5 விழுக்காடு இடம், ஐந்து வருட வயதுத் தளர்வு. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு இது பொருந்தும். காகிதத்தில் பெரிய வெற்றி. ஆனால் அந்த விழுக்காட்டை எப்படி அளக்கிறார்கள் பாருங்கள். இந்திய மனநல மருத்துவர்கள் உருவாக்கிய 'ஐடியாஸ்' என்ற அளவுகோல்: தன்னைப் பேணிக்கொள்ளுதல், பிறரோடு உறவு, பேச்சும் புரிதலும், வேலை. வேலை என்பதற்குள் படிப்பும் வரும். ஒருவர் எவ்வளவு நன்றாகப் படிக்கிறாரோ அவ்வளவுக்கு ஊனம் குறைவு என்று கணக்காகும். சான்றிதழ் வாங்கப் படிக்க முடியவில்லை என்று காட்ட வேண்டும், சீட் வாங்கப் படிக்க முடியும் என்று காட்ட வேண்டும். ஒரே மாதத்தில், சில சமயம் ஒரே கட்டடத்தில்.

மருத்துவப் படிப்பில் இது வெளிப்படையாகவே நடந்தது. 2019இல் வந்த எம்.பி.பி.எஸ். சேர்க்கை வழிகாட்டுதல், மனநோயைப் புறவயமாக அளக்க முறை இல்லை என்று காரணம் சொல்லி, அவர்களுக்கு ஒதுக்கீட்டை அப்போதைக்குப் பரிந்துரைக்கவில்லை. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், பேச்சுக் குறைபாடுள்ள மாணவர் ஒருவரின் வழக்கில், விழுக்காட்டை மட்டும் பார்த்து யாரையும் தள்ளக்கூடாது, அவரால் அந்தப் படிப்பைப் படிக்க முடியுமா என்றே ஆராய வேண்டும் என்றது. 2021இல் ஒரு சி.ஆர்.பி.எஃப். அதிகாரியின் வழக்கில், மனநலக் குறைபாட்டோடு தொடர்புடைய நடத்தைக்காக ஒழுங்கு நடவடிக்கை எடுப்பதையே பாகுபாடு என்று சொன்ன தீர்ப்பும் இருக்கிறது. வாசல் திறக்கிறது. திறக்கிற வாசலில் யார் நுழைவார்கள் என்பதுதான் அடுத்த சண்டை.

இந்தச் சண்டையின் மொழி தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1990இல் மண்டல் அறிக்கையை அமல்படுத்தப் போகிறோம் என்றதும் எழுந்த கூச்சலை நினைத்துப் பாருங்கள். தகுதி, திறமை, தரம். அதற்கு நாம் சொன்ன பதில் என்ன? ஒடுக்கப்பட்டவர்களில் மேதைகள் இருக்கிறார்கள் என்பதா? அம்பேத்கரைக் காட்டி, எல்லாரும் அவர்போல ஆனால் சீட் தருகிறோம் என்று எதிரி சொன்னால் ஏற்போமா? சாதாரண மார்க் வாங்குகிறவனுக்கும் இடம் உரிமை, மேல்சாதிச் சாதாரணன் நூற்றாண்டுகளாக உட்கார்ந்திருக்கிற நாற்காலி அது என்றுதான் சொன்னோம். அதே பதிலை இங்கேயும் சொல்ல வேண்டும். சாக்ஸையும் நாஷையும் காட்டி 'இவர்களும் சாதிப்பார்கள்' என்று பேசுகிற நல்லெண்ணம், சாதிக்காதவனைக் கதவுக்கு வெளியே நிறுத்துகிறது. சாதி ஒடுக்குமுறையும் நோயும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. தலித் மாணவனுக்கு நோய் வந்தால் இரண்டு வேலியையும் அவன் சேர்த்தே தாண்ட வேண்டியிருக்கிறது என்பதைச் சொல்கிறேன்.

கோரிக்கைகள் பெரியவையல்ல. ஒரு செமஸ்டரில் ஆறு தாளுக்குப் பதில் மூன்று எழுத விடுங்கள். வருகை விதியை மருத்துவக் காரணத்துக்காக உண்மையாகத் தளர்த்துங்கள், மஞ்சள் காமாலை வேஷம் தேவைப்படாத அளவுக்கு. தேர்வின் நடுவே பத்து நிமிடம் எழுந்து வெளியே போய்வர விடுங்கள். 'பிரேக் ஆஃப் ஸ்டடி' எடுத்தவர் திரும்பி வரும்போது தான் குணமானதை நிரூபிக்கச் சொல்லாதீர்கள், பாடம் படிக்க வந்திருக்கிறார் என்பதே போதும். 2020 தேசியக் கல்விக் கொள்கை 'பல நுழைவு, பல வெளியேற்றம்' என்கிறது. வெளியேற்றம் எப்போதும் எளிது; ஒரு வருடச் சான்றிதழைக் கையில் கொடுத்து மரியாதையாக அனுப்பிவிடலாம். திரும்ப நுழைகிறவனுக்கு விடுதி அறை உண்டா, உதவித்தொகை தொடருமா, விரலை வைத்து 'எனவே' எங்கிருந்து வந்தது என்று கேட்க ஓர் ஆள் உண்டா என்பவைதான் கேள்விகள்.

எழுதுகிற நண்பர்களிடம் கேட்பதும் ஒன்று உண்டு. அடுத்த தடவை பைத்தியத்தை எழுதும்போது அவனை ஞானியாக்காதீர்கள், புரட்சிக்காரனாக்காதீர்கள், நோபலும் கொடுக்காதீர்கள். அவன் நவம்பர் தேர்வுக்குப் பணம் கட்டக் கடைசித் தேதியில் வரிசையில் நிற்கட்டும். அன்றைக்குக் குரல் கேட்டால் கேட்கட்டும். கவுன்டரில் இருப்பவர் சில்லறை கேட்பார், இவன் எடுத்துக் கொடுப்பான். மார்ச்சில் தேறினாலும் தேறுவான், இல்லாவிட்டால் திரும்ப எழுதுவான்.